கோழியோடு ஈஸ்ட் வாங்க வந்தவர்கள்

ஸபோரோவா ஊர் யூதர்களின் குரு, ரப்பி எல்யாகிம், வருஷத்துக்கு இரண்டே முறைதான் பிரசங்கம் செய்வார். பஸ்கா பண்டிகைக்கு முன்னால் ஒன்று, பாவநிவாரண நாளுக்கு முன்னால் ஒன்று. இரண்டிலும் ஊர் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அதனால் அந்தக் கோடையில், எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைக்கும் துக்கநாள் கழிந்து வந்த ஓய்வுநாளன்று, யாரும் கூப்பிடாமலே அவர் எழுந்து மேடைப் படி ஏறியதும், ஊரில் பெரிய தலை ஏதோ சாய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மேலே பெண்கள் பகுதியில் மரச்சட்டத்தின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஸ்லாத்தாவும் அப்படித்தான் நினைத்தாள். செத்தது யாரென்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்கக்கூடச் செய்தாள்.

யாரும் சாகவில்லை. ரப்பி தாடியை நீவிவிட்டுக்கொண்டு, சீயோனுக்கு, முன்னோரின் எருசலேம் மண்ணுக்கு, திரும்புவதற்காக உழைப்பது பாவமல்ல, கடமை என்றார். மேசியா வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பக்தி என்று பேர் வைத்தது யாரென்று தனக்குத் தெரியவில்லை என்றார். ஊரில் சீயோன் சங்கம் நடத்தும் பிள்ளைகள் தன்னைத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், தானும் ஒப்புக்கொண்டாகிவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டார். ஒருவன் கொட்டாவி விட்டு முடிக்கும் நேரம்தான் ஆகியிருக்கும்.

கீழே ஒரே அமளி. மருந்துக்கடை லிப்மனும் அவனோடு திரியும் தாடி மழித்த இளவட்டங்களும் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்கள். ஊர்ச் சபைத் தலைவர், மர வியாபாரி கெட்சல், தன் புத்தகப் பலகையில் அறைந்த அறையில் முன்வரிசைக் கிழவர் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி நழுவி விழுந்தது. கடவுள் குறித்த நேரத்துக்கு முன்னால் அவசரப்படுவது தெய்வநிந்தை, தாடி இல்லாதவர்களோடு சேர்ந்து அவசரப்படுவது அதைவிட மோசம் என்பது கெட்சலின் கட்சி. அவர் மோசமான மனிதரல்ல. ஜெபாலயத்துக் கூரையே அவர் கொடுத்த மரம்தான். ஆனால் தன் கூரைக்குக் கீழே தன்னைக் கேட்காமல் ஒரு வார்த்தை பேசப்படுவது அவருக்கு ஆகாது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. கெட்சல் பக்கம் முக்கால் ஊர். அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ரப்பி வீட்டில் இனி யாரும் ஈஸ்ட் வாங்கக் கூடாது.

ஸ்லாத்தாவின் அடிவயிற்றில் விழுந்த அடி அது. ஸபோரோவாவில் ரப்பிக்குச் சம்பளம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அதற்குப் பதிலாக ஊரில் ஈஸ்ட் விற்கும் உரிமை ரப்பி வீட்டுக்கு மட்டும் உண்டு. ஓய்வுநாளுக்குப் பின்னல் ரொட்டி சுடாத வீடு கிடையாது. ஈஸ்ட் இல்லாமல் பின்னல் ரொட்டியும் கிடையாது. வியாழக்கிழமை ஆனால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கிண்ணத்தோடு ஸ்லாத்தாவின் அடுப்படிக்கு வருவார்கள். அப்படியே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். அந்த வருமானத்தில்தான் அவள் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பினாள். சீயோன் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளைக் கேட்டால் எல்லோரும் பார்த்து நின்று ஜெபிக்கும் ஜெபாலயத்துச் சுவரைத்தான் காட்டுவாள். தன் பிழைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டாள்: சாமான் அறையில், ஈரச் சாக்குக்கு அடியில், மரத்தொட்டியில்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் கணவரிடம்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்."

"அதான்" என்று சொல்லிவிட்டு அவர் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஸ்லாத்தா அதற்குப் பிறகு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சூப்பை மேஜையில் வைப்பாள். ஸ்பூனை வைக்க மாட்டாள். அவராக எழுந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கெட்சல் அந்த வாரமே கிரோத்னோ சாராய ஆலையிலிருந்து ஒரு பீப்பாய் ஈஸ்ட் வரவழைத்தார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாள். திறந்த வண்டியில் பீப்பாய் வெந்துகொண்டே வந்தது. அதைக் கொண்டுபோய் மரக்கிடங்கில், காற்று புகாமல் மூடி அடித்து வைத்தார்கள். புதன்கிழமை பகலில், கிடங்கில் பலகை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் பீரங்கி வெடித்தது என்று தெருவுக்கு ஓடி வந்தார்கள். பீப்பாயின் மூடி கூரையில் போய்ச் செருகியிருந்தது. கெட்சலின் கணக்குப்பிள்ளை தலையிலிருந்து கால்வரை நுரையோடு நின்றார். மிஞ்சியதை வழித்துப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை முக்கால் ஊரின் அடுப்பிலிருந்து வெளியே வந்ததை ரொட்டி என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. தட்டையாக, சாம்பல் நிறத்தில், புளித்த பீர் நாற்றத்தோடு கிடந்தது. வாத்தியார் வீட்டில் அதை அறுக்கப்போய்க் கத்தி வளைந்துவிட்டதாகப் பேச்சு.

ஆண்கள் தியாகிகளைப் போல அதை மென்றார்கள். பெண்களுக்குப் பொறுக்கவில்லை. ரொட்டி பொங்காவிட்டால் கெட்ட பேர் ஈஸ்டுக்கா வருகிறது, சுட்டவளுக்குத்தானே.

அடுத்த வாரத் தொடக்கத்தில் ரப்பியிடம் கோழிகள் வர ஆரம்பித்தன. ஈஸ்ட் வாங்கத்தான் தடை. அறுத்த கோழியின் வயிற்றில் ஒரு புள்ளியோ ஊசியோ இருந்தால், அது கோஷரா, தின்னலாமா கூடாதா என்று ரப்பியிடம் காட்டித்தான் ஆக வேண்டும். கெட்சல்கூட அதைத் தடுக்க முடியாது. ஆகவே பெண்கள் இறகு பிய்த்த கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக, நாலு பேர் பார்க்க, உள்ளே வந்தார்கள். ரப்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். ஒன்றும் இருக்காது. "கோஷர்" என்பார். அவள் நன்றி சொல்லிவிட்டு அடுப்படி வழியாகப் பின்பக்கம் போவாள். போகும்போது கோழியின் வயிற்றுக்குள் ஸ்லாத்தா ஈரத்துணியில் சுற்றிய ஈஸ்டை வைத்து அனுப்புவாள்.

ரப்பிக்கு ஒன்றும் புரியவில்லை. ஊர்க் கோழிகளுக்கு ஏதாவது நோய் வந்திருக்கிறதா என்று மனைவியிடம் விசாரித்தார். அவள்தான் பேசுவதில்லையே. ஆனால் அவள் வாய் ஓரமாகத் துடித்ததை அவர் கவனித்தார். அன்று சூப்போடு ஸ்பூனும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், வந்த ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் துரோகி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் தன்னைக் கல்லால் அடிப்பார்கள் என்று கெஞ்சினாள். ஸ்லாத்தா தலையை ஆட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அது ஒரேயடியாக முற்றிவிட்டது.

முதலில் வந்தவள் தைபா, வாத்தியாருக்கு அந்த வசந்தத்தில்தான் வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப் பெண். கோழியைக் காட்டி "கோஷர்" வாங்கிக்கொண்டு அவள் அடுப்படிக்குள் நுழைந்த அதே சமயம் பின்கதவில் ஆள் நிழல் தெரிந்தது. கசாப்புக்கடை ஸுந்தலின் மனைவி த்வோஷா. த்வோஷாவின் வாய் ஊருக்கே தண்டோரா.

"ரப்பியம்மா, அவ பாத்தா நான் செத்தேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்லாத்தா பதில் சொல்வதற்குள் தைபா கோழியும் தானுமாகச் சாமான் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

த்வோஷா மூச்சு வாங்க வந்து நின்றாள். கசாப்புக்காரன் வீட்டிலேயே கோழிக்குச் சந்தேகம் வந்தது எப்படி என்று ஸ்லாத்தா கேட்டாள். "சந்தேகமும் இல்ல ஒண்ணும் இல்ல, ரப்பியம்மா. அந்த ரொட்டியைக் கடிச்சதிலேருந்து என் புருஷன் பல்லைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். சீக்கிரம் கொடுங்க" என்றாள் அவள். அதற்குள் வேலிப்பக்கம் பேச்சுக்குரல். மூன்று பேர் தனித்தனியாகக் கிளம்பி வந்து, சந்தில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். த்வோஷா பார்த்தாள்; சாமான் அறைக் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தாள். உள்ளே ஒரு சின்னக் கிறீச்சிடல், பிறகு "ஏண்டி, நீயுமா?" என்ற குசுகுசுப்பு, பிறகு அமைதி.

சந்தில் நின்ற மூவரும் வந்தார்கள். இதற்கு மேல் மறைத்து என்ன என்று ஸ்லாத்தா நினைக்கும்போதே முன்வாசலில் கனத்த காலடி கேட்டது. மூன்று கோழிகளோடு மூவரும் சாமான் அறைக்குள் போனார்கள். ஆனால் முன்வாசலில் வந்தது பெண். கெட்சலின் மனைவி ஃப்ரூமாதான். ஆள் நல்ல ஆகிருதி. சிரித்தால் அவள் உடம்பு முழுக்கச் சிரிக்கும். இன்று முகம் பயத்தில் வெளுத்திருந்தது. ரப்பியைப் பார்த்துக் கோழியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தாள்.

"ஸ்லாத்தா, எங்கயாவது ஒளிச்சு வை என்னை. அவரு வர்றாரு. இங்கதான் வர்றாரு. கூட ரெண்டு பேரு."

"எங்கடி ஒளிக்க உன்னை?"

"சாமான் அறைதான் இருக்கே."

ஸ்லாத்தா வாய் திறப்பதற்குள் ஃப்ரூமா கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டில் ஐந்து முகங்களும் ஐந்து கோழிகளும் அவளைப் பார்த்தன. "அட பாவிங்களா" என்றாள் ஃப்ரூமா மெல்ல. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஸ்லாத்தா அவள் முதுகில் கை வைத்து உள்ளே திணித்து, கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

கெட்சல் வந்தார். அவரோடு கசாப்புக்கடை ஸுந்தலும் வாத்தியாரும். மூவரும் முன்னறையில் ரப்பிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த கதவு திறந்தே கிடந்தது. ஸ்லாத்தாவுக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்டது.

கெட்சல் சண்டை போட வரவில்லை. தணிந்த குரலில்தான் பேசினார். இனி சீயோனைப் பற்றிப் பேசுவதில்லை என்று ரப்பி கை கொடுத்து வாக்குத் தரட்டும், அடுத்த நிமிஷமே எல்லாம் பழையபடி ஆகிவிடும், சாட்சிக்குத்தான் இந்த இருவரும் என்றார். கையையும் நீட்டினார்.

ரப்பி அந்தக் கையைப் பார்த்தார். தன் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"கெட்சல், தினம் சாப்பிட்டு முடிச்சு எருசலேமைக் கட்டிக் கொடுன்னு வேண்டிக்கிறோம். நீங்க என்னைவிட உருக்கமா வேண்டிப்பீங்க, நான் கேட்டிருக்கேன். அப்புறம் எவனாவது ஒரு செங்கல்லைத் தூக்கிட்டு நின்னா, அவன் ஏன் தாடி வைக்கலன்னு சண்டைக்குப் போறோம்."

"அவனுங்க ஓய்வுநாள்ல சுருட்டுப் பிடிக்கிறவனுங்க, ரப்பி."

"பிடிக்கிறாங்க. நான் போய்ப் பக்கத்துல உக்காந்தா, என் முகத்துக்காகவாவது வெளிய போய்ப் பிடிப்பாங்க. நான் போகலேன்னா உள்ளயே பிடிப்பாங்க. நாம எல்லாரும் ஒதுங்கி நின்னுட்டா, அங்க கட்டப்போற வீட்டுல நமக்கு ஒரு வாசல்கூட இருக்காது. நான் பேசுவேன். எனக்குப் பேசத் தெரியாது, ஆனா பேசுவேன்."

ஸ்லாத்தா கதவில் சாய்ந்தபடி தன் கணவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்து "முடியாது" என்று சொல்லி அவள் கேட்டதில்லை. சந்தையில் அழுகின ஆப்பிளைக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வருகிறவர். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கிறுகிறுத்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். கோபம் இப்படித் தித்திக்காது.

கெட்சலுக்குப் பொறுமை போய்விட்டது. அப்படியானால் ரப்பி பட்டினிதான் கிடக்க வேண்டும் என்றார். ஊர் பாறை மாதிரி நிற்கிறது என்றார். ஆண்களாவது சபலப்படலாம், பெண்கள் இருக்கிறார்களே, இரும்பு என்றார்.

"ஒரு பொம்பளை இந்த வீட்டு அடுப்படியை மிதிச்சிருப்பாளா? கேட்டுப் பாருங்க. என் ஃப்ரூமா நேத்துச் சொல்றா, மேசியா வர்ற வரைக்கும் தட்டை ரொட்டியே தின்னுக்கிட்டுக் கிடப்பாளாம்."

ஸ்லாத்தாவின் முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது. முதலில் லேசாக, அடுப்பில் கொதிக்கும் பானை மூடியைப் போல. அவள் குதிகாலை ஊன்றி அழுத்திப் பார்த்தாள்.

"என் வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் வாத்தியார். "தைபா ஈஸ்ட்டுங்கிற பேச்சையே எடுக்க மாட்டா."

உள்ளே யாரோ மூக்கால் ஒரு சத்தம் விட்டார்கள். அதற்குப் பதிலாக இன்னொருத்தி. பிறகு ஃப்ரூமாவின் உடம்பு முழுவதும் சிரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அலமாரிப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன்மேல் இருந்த மாவுப்பை விழுந்தது. ஈஸ்ட் தொட்டி கவிழ்ந்தது. ஸ்லாத்தாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கதவு திறந்துகொண்டது. ஆறு பெண்களும் ஆறு கோழிகளும் ஒருவர் மேல் ஒருவராக அடுப்படியைத் தாண்டி முன்னறை வாசல்வரை உருண்டு வந்தார்கள். எல்லோர் தலையிலும் மாவு. த்வோஷாவின் மடி நிறைய ஈஸ்ட்.

ஃப்ரூமா எழுந்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். புருஷனைப் பார்க்காமல் நேரே ரப்பியின் மேஜைக்குப் போய்க் கையிலிருந்ததை வைத்தாள்.

"ரப்பி, இந்தக் கோழியில ஒரு சந்தேகம்."

ரப்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. கேள்வி வந்தால் பார்த்துத்தானே ஆக வேண்டும். புரட்டிப் பார்த்தார். வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மாவைத் தட்டிவிட்டார்.

"கோஷர்" என்றார்.

முதலில் வெடித்தவன் ஸுந்தல். பல்வலியை மறந்து மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். த்வோஷா மடியிலிருந்ததை ஒரு கை அள்ளி அவனிடம் காட்டி, இதுக்காகத்தாண்டா வந்தேன் என்றதும் நாற்காலியிலிருந்து சரிந்தான். தைபா அழுதுகொண்டே சிரித்தாள். வாத்தியார் அவளுடைய முகத்து மாவைத் துடைத்துவிடுவதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். அப்புறம் ஒரு விநோதமான சத்தம் வந்தது, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல. ரப்பிதான் சிரித்தார். ஸ்லாத்தா அதைக் கல்யாணத்தன்றைக்குக் கேட்டது. அவள் அடுப்படித் தரையிலேயே மாவுக்கு நடுவில் உட்கார்ந்து, விலா நோகச் சிரித்தாள்.

கெட்சல் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். வாசலில் நின்று மனைவியைக் கேட்டார்:

"ஈஸ்ட் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்" என்று அவள் த்வோஷாவின் மடியிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டாள்.

"சரி, நட."

அன்றோடு தடை தீர்ந்தது. கெட்சல் கட்சி மாறவில்லை. அடுத்த ஓய்வுநாளும் ரப்பி பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் பலகையில் அறையவில்லை. ரப்பி ஒவ்வொரு வாரமும் பேசினார். யாரும் தூங்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, பின்னல் ரொட்டி அடுப்பில் பொன்னிறமாகிக்கொண்டிருந்தபோது, ஸ்லாத்தா கணவரிடம் பேச்சைத் தொடங்கினாள். நேற்று அவர்களிடம் சொன்னதை ஏன் தன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்றாள்.

"நீ கேக்கவே இல்லையே, ஸ்லாத்தா."

"இப்பக் கேக்கறேன்."

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். வயலின் மூலையை ஏழைக்கு விடுவது, முதல் கனியைக் கடவுளுக்குக் கொடுப்பது, விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாக எடுத்து வைப்பது, ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு, எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது; சின்ன வயசிலிருந்து படிக்கிறார்; அத்தனையும் அந்த மண்ணில் மட்டும் நடக்கிற சட்டம். இங்கே அவர் எந்த வயலிலும் அதை நடத்திப் பார்த்ததில்லை.

"இங்க எனக்கு வர்றதெல்லாம் கோழிதான். ஒருநாள் ஒரு பொம்பளை மடி நிறைய அத்திப்பழத்தோட வந்து, ரப்பி, இதுல தசமபாகம் எடுத்தாச்சான்னு ஞாபகம் இல்ல, தின்னலாமான்னு கேக்கணும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டா போதும் எனக்கு."

ஸ்லாத்தா அத்திப்பழம் பார்த்ததில்லை, உலர்ந்ததைத் தவிர. ஆனால் அந்தப் பெண் அவளுக்குத் தெரிந்தாள். வெயிலில் முகம் சிவந்து, முழங்கைவரை மண்ணோடு, அடுப்படி வழியாக வருகிறாள். ரொட்டி தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினாள்.

இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிந்த கையோடு வில்னாவிலிருந்து அழைப்பு வந்தது. சீயோனை ஆதரிக்கும் ரப்பிகள் கூடிப் பேசப்போகிறார்கள். எல்யாகிம் ரயிலில் அவ்வளவு தூரம் போனதில்லை. போகும் நாளன்று ஸ்டேஷனில் லிப்மனின் ஆட்கள் கொடி பிடித்து நின்றார்கள்; அது எல்லோரும் எதிர்பார்த்தது. பெண்கள் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு பின்னல் ரொட்டியோடு வந்தார்கள். தைபா கொண்டுவந்தது அவள் இடுப்புயரம் இருந்தது. ஃப்ரூமா இரண்டு கொண்டுவந்து, ஒன்று தன்னுடையது, இன்னொன்று கெட்சல் கொடுத்தனுப்பியது என்று ஸ்லாத்தாவின் காதில் சொன்னாள். ஆனால் அவர் கொடுத்தனுப்பியதாக யாருக்கும் சொல்லக் கூடாதாம், அதையும் அவர்தான் சொல்லியனுப்பினாராம்.

ரப்பி பெட்டிக்குள் ஏறி ஜன்னல் வழியாக ரொட்டிகளை வாங்கி வாங்கித் திகைத்துப்போனார். மடியில் வைத்தார், தலைக்கு மேல் வைத்தார், எதிரே உட்கார்ந்திருந்த குடியானவனின் மடியிலும் வைத்தார். வைத்ததெல்லாம் உருண்டு விழுந்தது. ஸ்லாத்தாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அடுக்கி வைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று ஏறினாள். அடுக்கிக்கொண்டிருந்தபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

வாசலுக்கு ஓடினாள். நடைமேடையில் ஃப்ரூமா பாவாடையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வந்தாள்.

"இறங்காதடி, கால் ஒடிஞ்சிடும். வியாழக்கிழமை ஈஸ்ட்டை நான் வித்துக்கறேன். நீ போயிட்டு வா."

அவளுக்குப் பின்னால் எல்லோரும் கைகளை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். ஸ்லாத்தா இடுப்பில் அடுப்படித் துணியோடு, கையில் மாவோடு, வண்டி வாசலில் நின்றாள். ஸபோரோவாவின் மரக்கிடங்கும் ஜெபாலயத்துக் கூரையும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. தலை சுற்றியது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் சாயங்கால வண்டியில் வீடு போய்விடலாம் என்றார் ரப்பி. அவளும் ஆமாம் என்றாள். அடுத்த ஸ்டேஷனில் இரண்டு ரப்பிகள் ஏறினார்கள், அதே கூட்டத்துக்குப் போகிறவர்கள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு எப்படி இறங்குவது? கை கழுவத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள், கத்தி கேட்டு வாங்கினாள், குடியானவனுக்கும் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தாள். அதற்கடுத்த ஸ்டேஷனில் இன்னும் மூன்று பேர். அவர்கள் பெட்டிக்குள் நுழையும்போதே வாதம் செய்துகொண்டு நுழைந்தார்கள். ஏழாம் வருஷம் நிலத்தை உழலாமா கூடாதா என்று. எல்யாகிம் எழுந்து நின்று, வண்டி ஆட்டத்தில் ஒரு கையால் கூரைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் மேலாகக் குரலை உயர்த்திப் பதில் சொன்னார்.

"சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றாள் ஸ்லாத்தா, அடுத்த ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே.